கடைமடையில் குறைவது கரண்டா, வோல்ட்டா? கம்பிக்குள் நடப்பதை அளந்தே புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

பேராவூரணிப் பக்கம் கடைமடை என்ற சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். கல்லணையில் புது ஆற்றுக்குத் திறந்துவிட்ட தண்ணீர் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை தாண்டி எங்கள் வாய்க்காலை எட்டிப் பார்ப்பதற்குள் தலைமடைக்காரர்கள் நடவே முடித்திருப்பார்கள். வழியில் குறைந்துபோவது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அதனால் மோட்டார் முக்கி முனகினாலும் அதே கணக்கைத்தான் சொல்வோம்: "போஸ்டுலேருந்து தூரம் அதிகம். வர்ற வழியிலேயே கரண்ட் குறைஞ்சிடுது."

நானும் நீண்ட நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். எங்கள் தோப்பின் கடைசியில் இருக்கும் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) ஒரு எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரின் காயில், அதாவது உள்ளே சுற்றிய செம்புக் கம்பி, இரண்டே வருடத்தில் இரண்டு முறை கருகியது. முதல் முறை மோட்டார் சரியில்லை என்றோம், இரண்டாம் முறை லைன் சரியில்லை என்றோம். கடைசியில் ஒரு மல்டிமீட்டரையும், வயரைச் சுற்றிப் பிடித்தே ஆம்பியர் காட்டும் ஒரு டாங் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு வீட்டு போர்டிலிருந்து போர் வரை அளந்து பார்த்தேன். கரண்ட் வழியில் துளிகூடக் குறையவில்லை. குறைந்தது வோல்ட். அதைத் தின்றது நாங்களே காசு கொடுத்து வாங்கிப் போட்ட வயர்.

இந்த வேறுபாடு தெளிவானால் எந்த வயர் வாங்குவது, மோட்டார் ஏன் கருகுகிறது, ஜாயின்ட் ஏன் சுடுகிறது என்பதையெல்லாம் வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். படிகளை வரிசையாகப் படியுங்கள். மூன்றாம் படியில் உள்ள சோதனையை மட்டும் படித்துவிட்டுப் போய்விடாமல் செய்து பார்த்துவிடுங்கள்.

முதல் படி: கம்பிக்குள் ஓடுவது எது?

செம்பில் ஒவ்வொரு அணுவும் தன் எலக்ட்ரான்களில் ஒன்றைப் பொதுவுக்கு விட்டுவிடுகிறது. அப்படி விடப்பட்ட எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் கம்பி முழுக்கத் திரிகின்றன. கடுகைவிடச் சிறிய ஒரு கன மில்லிமீட்டர் செம்புக்குள் இப்படி எட்டரை லட்சம் கோடி கோடி எலக்ட்ரான்கள் உண்டு. ஸ்விட்ச் போடாதபோதும் அவை சும்மா இருப்பதில்லை. நொடிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் பாய்கின்றன. இடப்பக்கம் போவதும் வலப்பக்கம் போவதும் சமமாக இருப்பதால் மொத்தத்தில் ஒன்றும் நகர்வதில்லை, கரண்டும் இல்லை.

கம்பியின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட் கொடுத்ததும் அந்தக் கூட்டம் முழுவதும் ஒரு பக்கமாக லேசாக நகரத் தொடங்குகிறது. அந்த நகர்வுதான் கரண்ட். மேட்டூரிலிருந்து நொடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் படிக்கிறோமே, ஆம்பியரும் அதே மாதிரிக் கணக்குதான். ஒரு இடத்தை நொடிக்கு எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பதே ஆம்பியர். ஒரு ஆம்பியர் என்றால் நொடிக்கு சுமார் 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள்.

எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருப்பதால் நகரும் வேகம் மிகச் சிறியதாக இருந்தாலே போதுமாகிவிடுகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் போகும்போது எலக்ட்ரான் கூட்டம் நொடிக்கு சுமார் 0.3 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. ஒரு மீட்டர் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். இது பேட்டரி கரண்டுக்கான கணக்கு. நம் வீட்டு கரண்ட் நொடிக்கு 50 சுற்று திசை மாறி வருவதால், எலக்ட்ரான்கள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தூரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பதோடு சரி. உங்கள் மோட்டாருக்குள் இருக்கும் எலக்ட்ரான் மேட்டூரிலிருந்து வந்ததல்ல. அது மோட்டாரின் செம்பிலேயே இருந்தது.

அப்படியானால் ஸ்விட்சைத் தட்டிய கணமே விளக்கு எப்படி எரிகிறது? ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் தண்ணீர் கல்லணை வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகிறது. ஆறு காய்ந்து கிடக்கிறது, மணல் முதலில் குடிக்கிறது, பிறகுதான் தண்ணீர் முன்னே போகிறது. கம்பி காய்ந்த ஆறு அல்ல. அது எந்நேரமும் விளிம்பு வரை நிரம்பிய வாய்க்கால். ஒரு முனையில் தள்ளினால் மறு முனையில் இருப்பது உடனே நகர்ந்தாக வேண்டும். அந்தத் தள்ளு ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் கம்பி நெடுகப் பரவிவிடுகிறது.

இரண்டாம் படி: வாட்டம், ஓட்டம், தடை

வாய்க்கால் வெட்டுபவர்கள் முதலில் பார்ப்பது வாட்டம். ஒரு முனை மேடு, மறு முனை பள்ளம் என்றால்தான் தண்ணீர் போகும். வோல்ட் என்பது கம்பியின் வாட்டம். அது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான். "இந்தக் கம்பியில் 230 வோல்ட் இருக்கிறது" என்று நாம் சொல்வதெல்லாம் பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (அது திரும்பும் கம்பி) நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான்.

அதே வாட்டத்தில் அகலமான வாய்க்காலில் நிறையத் தண்ணீர் போகும். குறுகலான, வெங்காயத்தாமரை அடைத்த வாய்க்காலில் கொஞ்சம்தான் போகும். அந்தத் தடையின் அளவுதான் ஓம். மூன்றையும் சேர்த்துக் கட்டும் விதி ஒரே வரி: வோல்ட் = ஆம்பியர் × ஓம்.

இதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அன்றைய பேட்டரிகளின் வோல்ட் ஒரு நிலையில் நிற்காததால், பிஸ்மத், செம்பு இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான வோல்ட்டை உண்டாக்கிக்கொண்டார். பிறகு வெவ்வேறு நீளக் கம்பிகளைக் கோத்து, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று குறித்தார். 1827-ல் வெளியிட்டார். அளக்கத் தெரிந்த ஒரு ஆசிரியரின் பொறுமையிலிருந்து வந்த விதி அது. அதனால்தான் நம்மாலும் அதைச் செய்து பார்க்க முடிகிறது.

தண்ணீர் உவமை நம்மை ஏமாற்றும் இடமும் இதுதான். மண் வாய்க்காலில் தண்ணீர் ஊறிப் போகும், வெயிலில் ஆவியாகும். ஒற்றைக் கம்பிக்கு நடுவில் மடை கிடையாது, கசிவு கிடையாது. ஒரு முனையில் நுழைந்த ஆம்பியர் அப்படியே மறு முனையில் வெளிவரும், மோட்டார் வழியாகப் போய் நியூட்ரலில் திரும்பும். போன அளவும் வந்த அளவும் ஒன்றுதான்.

"போஸ்டு லைனில் ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிகிறதே?" என்று கேட்பீர்கள். பிரிகிறது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் உள்ள கம்பியில் எல்லா வீட்டு கரண்டும் போகும், கடைசிப் போஸ்டுக் கம்பியில் கடைசி வீட்டினுடையது மட்டும். ஆனால் அது தொலைவதில்லை, அவரவர் எடுத்துக்கொண்டது நியூட்ரலில் திரும்பிவிடுகிறது. உண்மையில் இழப்பு ஆவது வாட்டம். ஒவ்வொரு போஸ்டுக்கும் இடையில் உள்ள கம்பி தன் பங்கு வோல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. நம் ஊர் டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. ஒரு பேஸுக்கு அது 250 வோல்ட். வீட்டுக்குத் தேவை 230 என்றிருக்க ஏன் 250? வழியில் விழப்போவதை முன்கூட்டியே கணக்கில் வைத்துத்தான்.

மூன்றாம் படி: ஸ்பிரேயர் பேட்டரியில் ஒரு சோதனை

வயலுக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அதோடு ஒரு பைக் ஹெட்லைட் பல்ப், 12 வோல்ட் 35 வாட். 1 ஸ்கொயர் (வெட்டுப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் ஒரு முழுச் சுருள், அதாவது 90 மீட்டர். ஒரு மல்டிமீட்டர். ஷாக் அடிக்காத வோல்ட் என்பதால் பள்ளிப் பிள்ளைகளோடு செய்யலாம். பேட்டரியின் இரு முனைகளையும் நேரடியாக வயரால் இணைத்துவிட மட்டும் கூடாது. அப்படிச் செய்தால் வயர் சிவந்துவிடும். ஹெட்லைட் பல்பும் கை சுடும் அளவுக்குச் சூடாகும்.

முதலில் சுருளை எதிலும் இணைக்காமல் அதன் ஓம் அளவைப் பாருங்கள். அதற்கும் முன்னால் மீட்டரின் இரு முள்ளையும் ஒன்றோடொன்று தொட வைத்து, அது காட்டும் 0.2 அல்லது 0.3-ஐக் குறித்துக்கொண்டு கழித்துவிட வேண்டும். சுருளுக்கு 1.5-லிருந்து 1.8 ஓமுக்குள் வர வேண்டும். இரண்டரைக்குப் பக்கம் காட்டினால் அந்த வயர் சொன்ன கனத்தில் இல்லை, அல்லது செம்பு பூசிய அலுமினியம். கடையில் வயரைச் சுரண்டிப் பார்ப்பதைவிட இது நம்பகமான சோதனை.

அடுத்து பல்பைக் குட்டை வயரில் பேட்டரியோடு இணையுங்கள். பளிச்சென்று எரியும், ஏறத்தாழ 12 வோல்ட் காட்டும். இப்போது ஒரு பக்கம் மட்டும் குட்டை வயரை எடுத்துவிட்டு அந்த 90 மீட்டர் சுருளைக் கோத்துவிடுங்கள். வெளிச்சம் மஞ்சளாகிச் சோர்ந்துவிடும். பல்பின் இரு முனையில் அளந்தால் 8 வோல்ட் அளவில்தான் இருக்கும். மீதி எங்கே போயிற்று? சுருளின் இரு முனையில் மீட்டரை வையுங்கள். கிட்டத்தட்ட 4 வோல்ட் அங்கே உட்கார்ந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் பேட்டரியின் வோல்ட் வந்துவிடும்.

இனிதான் முக்கியமான அளவு. மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, சுருளுக்கு முன்னால் ஒரு முறை, சுருளுக்குப் பின்னால் ஒரு முறை கரண்டை அளங்கள். இரண்டு இடத்திலும் 2.4 ஆம்பியருக்குப் பக்கத்தில் ஒரே எண். 90 மீட்டர் தாண்டியும் கரண்ட் குறையவில்லை. முதல் முறை இதைப் பார்த்தபோது நான் மீட்டரை மாற்றி மாற்றி வைத்து நான்கு தடவை அளந்தேன்.

அதே நீளத்தில் இன்னொரு சுருள் கிடைத்தால் முதல் சுருளுக்குப் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டுங்கள். வழி இரண்டாகும், தடை பாதியாகும், பல்ப் மறுபடி தெளிந்து 10 வோல்ட்டை நெருங்கும்.

நான்காம் படி: தடை எதைப் பொறுத்தது?

நீளம் இரட்டித்தால் தடை இரட்டிக்கும், கனம் இரட்டித்தால் பாதியாகும். இது சுருளிலேயே தெரிந்துவிட்டது. இங்கே கனம் என்பது கம்பியின் வெட்டுப் பரப்பு. கடையில் "ஒன்றரை ஸ்கொயர்", "நாலு ஸ்கொயர்" என்று சொல்வது அந்த சதுர மில்லிமீட்டரைத்தான்.

மூன்றாவது பொருள். மனப்பாடம் செய்ய வேண்டிய எண் இந்த வழிகாட்டியிலேயே இது ஒன்றுதான்: 1 மீட்டர் நீளம், 1 ஸ்கொயர் கனமுள்ள செம்புக் கம்பியின் தடை 0.0172 ஓம். அலுமினியத்துக்கு ஏறத்தாழ 0.028. இரும்பு செம்பைப் போல ஐந்தாறு மடங்கு. இஸ்திரிப் பெட்டிக்குள் சூடாகும் நைக்ரோம் அறுபது மடங்குக்கும் மேல். செம்பு அளவுக்குக் கடத்த வேண்டுமானால் அலுமினியக் கம்பி 1.6 மடங்கு கனமாக இருக்க வேண்டும். ஆனாலும் அதன் எடை செம்பில் பாதிதான் வரும். போஸ்டில் தொங்கும் கம்பிகள் அலுமினியமாக இருப்பதற்கு விலையோடு சேர்த்து இதுவும் காரணம்.

நான்காவது சூடு. எலக்ட்ரான் அணுக்களில் மோதி நிற்கிறது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். முழு உண்மை இன்னும் அழகானது. செம்பு அணுக்கள் வரிசை பிசகாமல், ஆடாமல் நின்றால் எலக்ட்ரான் அவற்றுக்கிடையே தடையே இல்லாமல் போய்விடும். வரிசையாகக் கயிறு பிடித்து நட்ட வயலில் நடப்பது போல. தடை உண்டாக்குவது அந்த ஒழுங்கின் குலைவு: அணுக்களின் அதிர்வு, இடையில் கலந்த வேற்றுப் பொருள், வரிசையில் உள்ள பிசகு. நல்ல செம்பில் ஒரு எலக்ட்ரான் நூற்றுக்கும் மேற்பட்ட அணுக்களைத் தாண்டிய பிறகுதான் ஒரு முறை திசை கலைகிறது. கலையும்போது தான் பெற்ற ஆற்றலை அணுக்களின் அதிர்வுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த அதிர்வைத்தான் நாம் கையால் தொட்டு, வயர் சுடுகிறது என்கிறோம்.

இரண்டு விஷயம் இதிலிருந்தே கிடைக்கிறது. உலோகக் கலவைகளில் வரிசை கலைந்திருப்பதால் தடை அதிகம், நைக்ரோம் அதனால்தான் அடுப்புக்கு ஆகிறது. சூடு ஏறினால் அதிர்வு கூடும், தடையும் கூடும். செம்புக்கும் அலுமினியத்துக்கும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் 4 விழுக்காடு. சித்திரை வெயிலில் மரத்தோடு கட்டிய கறுப்பு வயர் 50 டிகிரியைத் தொட்டால், 20 டிகிரிக்குப் போட்ட கணக்கோடு 12 விழுக்காடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹெட்லைட் பல்பில் இது உச்சத்துக்குப் போகும். எரியும்போது அதன் தடை 4 ஓம், அணைத்து ஆறவிட்டு அளந்தால் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: உங்கள் மோட்டாருக்குக் கணக்குப் போடுங்கள்

எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், ஓடும்போது 8 ஆம்பியர். வீட்டு போர்டிலிருந்து போர் வரை 110 மீட்டர். போருக்குள் 130 அடி ஆழத்தில் மோட்டார், அது 40 மீட்டர். மொத்தம் 150. போருக்குள் இறங்கும் வயரைக் கணக்கில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். கரண்ட் போகவும் வேண்டும் வரவும் வேண்டும் என்பதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், 300 மீட்டர். இதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தடை = 0.0172 × 300 ÷ ஸ்கொயர். விழும் வோல்ட் = அந்தத் தடை × 8.

ஒன்றரை ஸ்கொயர் போட்டால் தடை 3.44 ஓம், விழுவது 27 வோல்ட்டுக்கு மேல்.
இரண்டரை ஸ்கொயர்: 2.06 ஓம், 16.5 வோல்ட்.
நாலு ஸ்கொயர்: 1.29 ஓம், 10 வோல்ட் சொச்சம்.
ஆறு ஸ்கொயர்: 0.86 ஓம், 7 வோல்ட்.

230-ல் 5 விழுக்காடு, அதாவது 11.5 வோல்ட்டுக்கு மேல் வயரில் விழ விடக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட எல்லை. அதன்படி நாலு ஸ்கொயர். வெயிலையும் சேர்த்தால் அது விளிம்பில்தான் நிற்கிறது, ஆறு ஸ்கொயர் வாங்குபவரைத் தடுக்க மாட்டேன்.

முதல் முறை வயர் வாங்கப் போனபோது கடைக்காரர், "தம்பி, ஒரு எச்.பி.க்கு ஒன்றரை ஸ்கொயரே தாங்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்றரை ஸ்கொயர் செம்பு வயர் 10 ஆம்பியருக்கு மேலேயே உருகாமல், தோல் கருகாமல் தாங்கும். ஆனால் தாங்குமா என்பது ஒரு கேள்வி, சேர்க்குமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் தூரம் வராது. இரண்டாவதில் தூரம்தான் எல்லாமே. நான் அன்று தூரத்தைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வயர் கடைக்குப் போகும்போது எச்.பி.யோடு மீட்டரையும் சொல்லுங்கள்.

27 வோல்ட் போனால் என்ன, மீதி 203 இருக்கிறதே என்று தோன்றும். இரண்டு ஆபத்து. மோட்டாரின் திருகு விசை வோல்ட்டின் வர்க்கத்தில் குறையும். 203-ல் அது 78 விழுக்காடுதான். அதே தண்ணீரைத் தூக்க வேண்டியிருப்பதால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. ஆம்பியர் கூடினால் வயரில் இன்னும் வோல்ட் விழும். காயில் கருகுவது இப்படித்தான். "கரண்ட் கம்மியா வருது, அதனால மோட்டார் எரிஞ்சிடுச்சு" என்கிறோம். கரண்ட் அதிகமாகித்தான் எரிந்தது.

இரண்டாவது ஸ்டார்ட்டிங். கிளம்பும் நொடியில் மோட்டார் ஐந்து மடங்கு ஆம்பியர் கேட்கும். அந்த நேரத்தில் 3.44 ஓம் வயர் பிடித்துக்கொள்ளும் வோல்ட் மிகப் பெரிது, மோட்டாருக்கு 150 அளவில்தான் போய்ச் சேரும். திருகு விசை பாதிக்கும் கீழே. மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும், நின்ற நிலையில் சூடேறும். கெப்பாசிட்டரை மாற்றிப் பார்ப்பதற்கு முன் வயரை அளந்து பாருங்கள்.

மூன்று பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்குச் சூத்திரம் சற்று மாறும். ஒரு வழி நீளத்தின் தடையை ஆம்பியராலும் 1.73-ஆலும் பெருக்குங்கள். 5 எச்.பி. மோட்டார் 9 ஆம்பியர் எடுக்கிறது, அதே 150 மீட்டர், இரண்டரை ஸ்கொயர் என்றால் 1.03 × 9 × 1.73 = 16 வோல்ட். ஆனால் இது 415-ல் 16, நான்கு விழுக்காடு கூட இல்லை. ஐந்து மடங்கு பெரிய மோட்டாருக்கு அதே வயரில் பாதி பாதிப்பு. வோல்ட்டை உயர்த்தினால் ஆம்பியர் குறைகிறது, ஆம்பியர் குறைந்தால் வழி இழப்பு குறைகிறது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் முழுச் சுமையில் 433 வோல்ட் பக்கம் 133 ஆம்பியர் கொடுக்கும்போது, 11,000 வோல்ட் பக்கம் வாங்குவது 5 ஆம்பியருக்குச் சற்று அதிகம்தான். மேலே ஓடும் லைன் அவ்வளவு மெல்லிசாக இருந்தும் ஊருக்கே போதுவது இதனால்தான்.

ஆறாம் படி: ஜாயின்ட்

தடையில் விழும் வோல்ட் காற்றில் கரைவதில்லை, சூடாகிறது. எவ்வளவு சூடு என்பதற்குக் கணக்கு: ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் = வாட். 8 ஆம்பியர், 3.44 ஓம் என்றால் 220 வாட். மோட்டார் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் மூன்று சீலிங் ஃபேன் அளவு ஆற்றல் தென்னை மரத்து வயரில் வீணாகிறது. ஆனால் அது 300 மீட்டரில் பரவிவிடுவதால் தொட்டால்கூடத் தெரியாது.

ஜாயின்ட் அப்படியல்ல. முறுக்கி டேப் சுற்றிய ஒரு இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால் 32 வாட் முழுவதும் ஒரு விரல் நீளத்துக்குள் இறங்குகிறது. ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். முதலில் டேப் இளகும், பிறகு செம்பு கறுக்கும். கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். ஒரு நாள் வயர் தானாக விடும். அருகில் காய்ந்த மட்டை கிடந்தால் தீ.

2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் பக்கம் போஸ்டுகள் வரிசையாகச் சாய்ந்தன, வாரக்கணக்கில் இருட்டு. தென்னைகள் விழுந்து தோப்பு வயர் மூன்று இடத்தில் அறுந்திருந்தது. கையில் கிடைத்த துண்டை எல்லாம் வைத்து ஒட்டுப் போட்டோம். அதில் ஒரு துண்டு அலுமினியம். செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டு, இடையில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். அதன் மேல் படியும் ஆக்சைடு கரண்டைக் கடத்தாது. கடற்காற்றில் உப்பும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம். அவசரத்துக்குப் போட்ட ஒட்டு என்று மாற்ற நினைத்தோம். மாற்றாமல் விட்டோம்.

ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமானால் முறுக்காதீர்கள். வயருக்கு ஏற்ற அளவில் அமுக்கும் செம்பு ஸ்லீவ் போட்டு அழுத்துங்கள். செம்பையும் அலுமினியத்தையும் சேர்க்க அதற்கென்றே உள்ள இரட்டை உலோக லக்கை வாங்குங்கள். தரையில் விடாமல், நீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள்.

ஏழாம் படி: ஓடும் மோட்டாரில் அளப்பது

இது 230 வோல்ட். போர்டைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அவரை அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள். காலில் காய்ந்த செருப்பு வேண்டும். ஈர மண்ணில் நின்று அளக்கக் கூடாது. நனைந்த உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். அது உயிரை எடுக்கப் போதும். உயிர்காக்கும் பிரேக்கர் (ஆர்.சி.சி.பி.) அதில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான 0.03 ஆம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டிருப்பதன் காரணம் அதுதான். அது இல்லாத வீட்டில் இந்த வழிகாட்டியை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதை வாங்கி மாட்டுங்கள்.

மோட்டாரை ஓடவிடுங்கள். நிறுத்தி வைத்து அளந்தால் பயனில்லை. கரண்ட் ஓடாதபோது எந்த வயரிலும் வோல்ட் விழாது, மோசமான ஒட்டுக்கூட முழு 230 காட்டி ஏமாற்றும். "டெஸ்டர் எரியுது, லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது இதனால்தான் தவறிப்போகிறது.

பத்து நிமிடம் ஓடிய பிறகு வீட்டு போர்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். டாங் டெஸ்டரை பேஸ் வயரை மட்டும் சுற்றிப் பிடித்து ஆம்பியர் பாருங்கள். இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் சுழி காட்டும், போவதும் வருவதும் சமம் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு போர் மேல் பெட்டியில் அதே இரண்டையும் பாருங்கள். இரண்டு வோல்ட்டின் வித்தியாசத்தை ஆம்பியரால் வகுத்தால், ஓடும் நிலையில் உங்கள் வயரின் உண்மையான தடை கிடைக்கும்.

எங்கள் அளவு: போர்டில் 224 வோல்ட், போர் மேல் 192, இரண்டு இடத்திலும் 9 ஆம்பியர். வித்தியாசம் 32, ஒன்பதால் வகுத்தால் 3.56 ஓம். ஒன்றரை ஸ்கொயர், போக வர 220 மீட்டருக்கு வர வேண்டியது 2.52 ஓம். வெயிலுக்குச் சேர்த்தாலும் 2.8. மீதி முக்கால் ஓம் அந்தப் புயல்கால ஒட்டுகளில் இருந்தது, 60 வாட்டுக்கு மேல் சூடாக. போருக்குள் இறங்கிய வயரில் இன்னொரு 8 வோல்ட் போக, மோட்டாரின் தலையில் 184 வோல்ட்தான். அது இரண்டு முறையும் ஏன் கருகியது என்று அதன் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கணக்கில் வந்த ஓமும் அளவில் வந்த ஓமும் ஒத்துப்போனால் வயர் நல்ல வயர், கனம்தான் போதவில்லை. அளவு அதிகமாக இருந்தால் ஒட்டைத் தேடுங்கள். மோட்டாரை அணைத்து, மெயினையும் இறக்கிய பிறகு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுடுவதுதான் குற்றவாளி. போர்டிலேயே 200-க்குக் கீழே இருந்தால் உங்கள் வயரில் குறையில்லை, போஸ்டு லைனில் இருக்கிறது. அந்த அளவுகளை நேரத்தோடு எழுதிக்கொண்டு போய் மின்வாரிய அலுவலகத்தில் கொடுங்கள். "லோ வோல்டேஜ்" என்ற புகாரைவிட "மாலை 6.30-க்கு 188 வோல்ட்" என்ற புகாருக்கு எடை அதிகம்.

எர்த்தையும் இதே விதியால் சோதிக்கலாம். மோட்டார் உடம்பில் பேஸ் பட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த்தின் தடை 5 ஓம் என்றால் மற்றவற்றை விட்டுவிட்டுப் பார்க்க 46 ஆம்பியர் பாயும், பியூஸ் போய்விடும். 50 ஓம் என்றால் 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பியூஸ் அசையாது, இரும்புப் பைப் முழுக்க வோல்ட் ஏறி நிற்கும். நம் களிமண் ஐப்பசியில் ஊறி நன்றாகக் கடத்தும், சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துத் தடை ஏறிவிடும். எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதற்காக. எர்த் அளப்பதை மட்டும் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்து அளவு நம்மை ஏமாற்றும்.

ஒன்றரை ஸ்கொயரை எடுத்துவிட்டு, ஒட்டில்லாத நாலு ஸ்கொயரை போர் வரைக்கும், போருக்குள் இரண்டரை ஸ்கொயர் பிளாட் கேபிளும் போட்டோம். மாற்றிய அன்று சாயங்காலம் அளந்ததை மோட்டார் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்: போர்டில் 226, போர் மேல் 218, 7.8 ஆம்பியர், 1.03 ஓம். கோடையிலும் மழையிலும் ஒரு முறை அளந்து அதன் கீழே எழுதுகிறேன். ஓம் 1.3-ஐத் தாண்டினால் ஏணியை எடுத்துக்கொண்டு வயரையும் முனைகளையும் பார்க்கப் போவேன்.